212-ஆம் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

நாளை சாம்பல் புதன். இந்தத் தவக்காலத்துக்கு எதை விடுவது என்று காலையிலிருந்து யோசித்தேன். காப்பியை விட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். ஆகவே கதைப் புத்தகத்தை விடுகிறேன். ஈஸ்டர் வரை ஒரு வரியும் வாசிப்பதில்லை.

‘உப்புக் கோட்டை’ ஐந்தாம் பாகத்தில் 212-ஆம் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். ‘ஆழிமகள்’ என்ற கப்பலில் ஒன்பது பேர். அதில் ஒருவர் எந்த உருவமும் எடுக்கக்கூடிய உருமாறி. கப்பல் தலைவனைக் கொன்றது அந்த உருமாறிதான், யார் என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடலுக்குள்ளிருந்து எழும் கோட்டைக்குள் வஞ்சி என்ற பெண் தனியாகப் போய்விட்டாள். ஏழாம் வாசலில் விளக்கு அணைகிறது. செத்துப்போன அவள் அப்பாவின் குரல் பின்னாலிருந்து கூப்பிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது.

அந்த இடத்தில் ஒரு ரயில் டிக்கெட் இருக்கிறது. தூத்துக்குடி – திருநெல்வேலி. நெஞ்சு டாக்டரைப் பார்க்க என் வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை திருநெல்வேலி போவார். இறந்த அன்று இந்தப் புத்தகம் தலைமாட்டில் கிடந்தது. அதுவரை வாசித்திருக்கிறார்.

நானும் அங்கேயே நிறுத்தியது தற்செயல்.

மார்ச் 5, புதன்

ஃபாதர் ரெக்ஸ்லின் நெற்றியில் சாம்பலைச் சிலுவையாகப் போடாமல் ஒரு திட்டாக அப்பிவிட்டார். புது ஃபாதர். கை பழக வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கிளாடிஸ் வந்தாள். கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்ச். இப்போது பக்கத்துத் தெரு. அறுபத்தொரு வருடமாகச் செருப்பை வாசலில் நேராகக் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியவில்லை.

மேசை மேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். என் எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் பேப்பர் அட்டை உண்டு. தூசிக்காக.

“ஏளா எமரன்சி, இதென்ன, ஜெபப் புத்தகமா?” என்று கேட்டுக்கொண்டே திறந்தாள். “அடியே! உப்புக் கோட்டை! இப்பதான் இதுக்கு வந்தியா? நான் வாசிச்சு முடிச்சு பத்து வருசம் ஆச்சு.”

“யாரு கொலைகாரன்னு சொல்லிறாத.”

“சொல்லலளா. ஆனா கடைசிப் பக்கத்துல ஒரு விசயம் இருக்கு. அத மட்டும்…”

“கிளாடிஸ்.”

“கதை இல்லளா அது…”

“கடைசிப் பக்கம்னா கதைதான். வாய மூடு.”

மூடினாள். துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர்களை நான் மனிதர்களாக மதிப்பதில்லை. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. கிளாடிஸ் இரண்டும் செய்தவள்.

அவள் போனபின் டிரங்குப் பெட்டியைத் துடைத்தேன். எல்லாம் இவர் வாங்கிச் சேர்த்தவை. நூற்றுப் பதினேழு. பேய், புதையல், மந்திரத் தீவு, ரத்தக் கறை. இருக்கும்வரை நான் அவற்றைக் கையால் தொட்டதில்லை. “சுங்க ஆபீஸ்ல உத்தியோகம் பாக்குற மனுசன் வாசிக்கிற புஸ்தகமா இது?” என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுப்பார். அவர் போன மறு வருடம் பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். போடுவதற்கு முன் ஒன்றைப் புரட்டினேன். சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நூற்றுப் பதினாறு முடித்துவிட்டேன். மிச்சம் இது ஒன்றுதான்.

மார்ச் 12, புதன்

நேற்று எழுத விட்டுப்போனது. ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இவர் பென்சிலால் கொலைகாரன் யார் என்று ஊகம் எழுதுவார். முடித்ததும் கடைசிப் பக்கத்தில் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று எழுதித் தேதி போடுவார். இதுவரை ஐம்பத்தெட்டு சரி, ஐம்பத்தெட்டு தவறு. இந்தப் புத்தகத்தில் அவர் ஊகம் ‘சமையல்காரன்’. சமையல்காரனாக இருக்க முடியாது. கப்பல் வைத்தியர்தான்.

மார்ச் 20, வியாழன்

கண் டாக்டர் ஆவுடையம்மாளிடம் போனேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். எழுத்து மங்கலாகத் தெரிவது அச்சின் குறை என்றே நினைத்திருந்தேன்.

“ஆபரேசன் பண்ணிறலாம்மா. ஏப்ரல் எட்டு. ஆனா உங்களுக்கு இடது கண்ணு ஏற்கனவே அழுத்தத்துல போயிருச்சு. இருக்கறது இது ஒண்ணுதான். அதனால கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் பண்ணணும்.”

“சரியா வரலேன்னா?”

“நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்கு நல்லா வந்துரும்.”

மிச்சம் இரண்டு பேர் யார் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவள் நான். தொண்ணூற்றெட்டு இணைப்பு சரியாகக் கொடுத்தேன் என்று சொன்னால் எங்கள் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஈஸ்டர் ஏப்ரல் இருபது. ஆபரேசன் எட்டு. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 21, வெள்ளி

கத்தரிக்காயில் இரண்டு சொத்தை. கண் சரியாகத் தெரியாமல் வாங்கியது.

மார்ச் 27, வியாழன்

மஸ்கட்டிலிருந்து மகன் டென்சில் பேசினான். லீவு போட்டு வருகிறேன் என்றான். “ஒரு கண்ணுக்கு ஒரு பிளேனா? வேண்டாம், கிளாடிஸ் இருக்கா,” என்றேன். “மம்மி, பயமா இருக்கா?” என்று கேட்டான். இல்லை என்றேன். போனை வைத்தபின் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, எட்டுகளை எண்ணிப் பார்த்தேன். மேசையிலிருந்து சமையலறை பதினொரு எட்டு. டிரங்குப் பெட்டி நாலு. ஒரு பயிற்சிக்காகத்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கிளாடிஸ் மீன் குழம்போடு வந்தாள். தவக்காலத்தில் செவ்வாய்க்கிழமை மீன் தப்பில்லை. புளி அதிகம். சொன்னேன்.

“எமரன்சி, ஆபரேசனுக்கு முந்தி அந்தப் புஸ்தகத்த முடிச்சிரு.”

“தவக்கால ஒறுத்தல்ல இருக்கேன்.”

“சரி, நான் முடிவு சொல்லிருதேன். சொல்லுதது வாசிக்கிறதுல சேராது.”

“சேரும்.”

“ஒருவேள…” என்று ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது. யாருக்குக் கண் ஆபரேசன், யார் கண்ணில் தண்ணீர். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். “ஏளா, ஞாயித்துக்கிழமை வாசிச்சா என்ன? தவக்காலத்துல ஞாயிறு கணக்குல வராதுல்ல?”

“யாரு சொன்னது?”

“எல்லாருக்கும் தெரியும்! எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை எல்லாம் ஆட்டுக்கறிதான்.”

“உங்க வீட்டுல பெரிய வெள்ளிக்கே தோசைக்கு நெய் ஊத்துவிய. நம்ம கான்வென்ட்டு மதர் சுப்பீரியர் சொல்லியிருக்காங்க. சாம்பல் புதன்ல ஆரம்பிச்சா ஈஸ்டர் மணி அடிக்கிற வரைக்கும் ஒரு நாளும் விடக் கூடாதுன்னு.”

“மதர் சொன்னாங்க, மதர் சொன்னாங்க! அவுக பல்லுவலியில ஞாயித்துக்கிழமைதான் நம்மள எல்லாம் முட்டி போட வச்சாக. அதுவும் வேதமா?”

குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் சட்டி அது.

ஏப்ரல் 4, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்ததும் ஃபாதர் ரெக்ஸ்லினைப் பிடித்தேன். கிளாடிஸ் தவறு என்று நிரூபிக்கத்தான் கேட்டேன்.

“கிளாடிஸ் ஆன்ட்டி சொன்னது சரிதாம்மா,” என்றார். “ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அன்னைக்கு நோன்பு கிடையாது. எண்ணிப் பாருங்களேன். நாப்பது நாள்னுதானே சொல்றோம்?”

“நான் எழுபத்தொரு வயசு வரைக்கும் ஞாயித்துக்கிழமையும் இருந்திருக்கேன் ஃபாதர்.”

“அப்போ ஆண்டவர் உங்களுக்கு நெறைய ஞாயித்துக்கிழமை பாக்கி வச்சிருக்கார்மா,” என்றார். சின்ன வயதிலேயே பேச்சு அதிகம்.

ஏப்ரல் 5, சனி

காலண்டரை எடுத்து எண்ணினேன். சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை நாற்பத்தாறு. மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தாறுதான். ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது.

சிறு வயதிலிருந்து நாற்பது நாள், நாற்பது நாள் என்று சொல்லிவருகிறேன். ஒரு வருடமாவது விரல் விட்டு எண்ணியிருக்கலாம்.

நாளை ஞாயிறு. வாசிக்காமல் இருக்க இனி எந்தக் காரணமும் இல்லை. இதை ஏன் வருத்தமாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சந்தோஷமான விஷயம்தானே.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏழு மணிப் பூசை. இட்லி. பாத்திரம் கழுவினேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். சனிக்கிழமை துடைத்தவைதான். பத்தரைக்குப் புத்தகத்தை எடுத்தேன்.

டிக்கெட்டை எடுக்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இத்தனை வருடமும் ஒரு புத்தகத்தை வாசிக்கும்போது இந்தத் தாளை அவர் விரலும் திருப்பியது என்ற எண்ணம் எங்கோ இருக்கும். 213-இலிருந்து அது இல்லை. வித்தியாசம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே பழுப்பு.

வஞ்சி திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. அவளுடைய நிழல்தான் பேசியிருக்கிறது! எழுந்து நின்றுவிட்டேன். உப்புக் கதவு உருகுகிறது, கடல் உள்ளே வருகிறது, அவள் ஏழாம் வாசலை வெளியிலிருந்து பூட்டாமல் உள்ளேயிருந்து பூட்டுகிறாள். எவ்வளவு கெட்டிக்காரி. சுக்கான்காரன் சந்தேகத்திலிருந்து விடுபட்டான். சமையல்காரன் இன்னும் இருக்கிறான். வைத்தியரும்.

பூதக்கண்ணாடி வைத்து வாசித்தால் பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. மாலை ஐந்துக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. 241. இன்னும் ஐம்பத்தேழு பக்கம் இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று திங்கள். திறக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

இத எழுதுதது கிளாடிஸ். எமரன்சி கட்டுப் போட்டுப் படுத்திருக்கா. அவ சொல்லச் சொல்ல நான் எழுதணுமாம். ஒரு நாள் கூட விடக் கூடாதாம்.

‘ஆபரேசன் இருபது நிமிடத்தில் முடிந்தது. வலி இல்லை. மரியாதையாக நடத்தினார்கள். நான் அமைதியாக இருந்தேன்.’

அமைதியா இருந்தாளாம். என் கைய அமுக்கின அமுக்குல மோதிரம் பதிஞ்சு விரல் வீங்கிருக்கு. டாக்டரம்மாட்ட “நூத்துல நான் எத்தனாவது ஆளு?”ன்னு கேட்டா.

‘கிளாடிஸ், நான் சொன்னதை மட்டும் எழுது.’

எழுதிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு டாக்டரின் சேலை. நீலம். போன மாதம் சாம்பல் நிறச் சேலை என்று நினைத்திருந்தேன், அதே சேலைதானாம். சுவர் வெள்ளை. தாதியின் தொப்பி வெள்ளை. வெள்ளை என்றால் இவ்வளவு வெள்ளை என்பது மறந்துபோயிருந்தது.

எதிரே மாட்டியிருந்த அட்டையில் கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்தேன். “போதும்மா, போதும்,” என்றார் டாக்டர். கடைசி வரியையும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினதும் கிளாடிஸைப் பார்த்தேன். “உனக்கு இவ்வளவு சுருக்கம் எப்ப வந்துச்சு?” என்று கேட்டேன். “கண்ணு நல்லாயிருச்சு இவளுக்கு!” என்று ஆட்டோக்காரரிடம் சத்தமாகச் சொல்லி அழுதாள். எனக்கு மருந்து விட்ட கண்ணில் நீர் வரக் கூடாது. அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஞாயிறு, ஆனால் டாக்டர் செவ்வாய் வரை வாசிக்கக் கூடாது என்றிருக்கிறார். நான் எழுதும் இந்த நாலு வரி கணக்கில் வராது. கிளாடிஸ் வாசித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். வர்ணனை வரும் இடமெல்லாம் “இது கெடக்கட்டும்” என்று தாண்டுகிறாள். வைத்தியர் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்றரைப் பக்கத்தில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டர் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது, இனி கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரித் தூசி துடைத்தேன். கண் தெரிந்த பிறகு எவ்வளவு தூசி! புத்தகத்தை நகர்த்தும்போது டிக்கெட் நழுவி விழுந்தது. பத்து வருடத்தில் அதை நான் கையில் எடுத்ததில்லை. எடுத்து வைக்கும்போது அதன் மேல் இருந்த சின்ன எழுத்து தெரிந்தது.

19-08-2014.

இவர் இறந்தது ஜூன் 11.

உட்கார்ந்துவிட்டேன். செத்துப் பத்து வாரம் கழித்து யாரும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறுவதில்லை. ஆக, இது அவர் டிக்கெட் இல்லை. 212 அவர் நிறுத்திய இடம் இல்லை.

எங்கே நிறுத்தினார்? அதற்கு முன்னாலா, பின்னாலா? முடித்திருந்தால் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார். புத்தகம் கையில் இருக்கிறது. கண் தெரிகிறது. திருப்பினால் ஒரு விநாடி.

புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். செவ்வாய்க்கிழமை.

ஏப்ரல் 16, புதன்

கிளாடிஸை வரச் சொன்னேன். மேசையில் டிக்கெட்டை வைத்தேன். காப்பியும் வைத்தேன். விசாரணை என்றால் முறையாக இருக்க வேண்டும்.

“இரண்டாயிரத்துப் பதினாலு ஆகஸ்ட். உன் மக எங்க இருந்தா?”

“யாரு, ஷைனியா? பாளையங்கோட்டைல. தலப்பிரசவம்.” டிக்கெட்டைப் பார்த்தாள். முகம் மாறியது. “ஐயோ.”

“யாரக் கேட்டு எடுத்த?”

“யாரக் கேக்குறது? நீ அப்ப பேசவே இல்லளா. ரெண்டு மாசம் செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்த. உனக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க நாந்தான் தினமும் வந்தேன். பொழுது போவல. தலமாட்டுல கெடந்துச்சு, எடுத்தேன். ரயில்ல டிக்கெட்ட அடையாளமா வச்சு வாசிச்சு முடிச்சேன். திருப்பி வச்சிட்டேன். அவுக புஸ்தகத்தத் தொட்டேன்னு சொன்னா என்னக் கொன்னுருவ.”

“பத்து வருசமா அத அவர் வச்ச அடையாளம்னு நெனச்சிருக்கேன்.”

இதைச் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. கிளாடிஸ் காப்பியைக் கீழே வைத்தாள்.

“எமரன்சி. கடைசிப் பக்கத்துல…”

“வேண்டாம்.”

“அதத்தான நான் அன்னைக்கே…”

“ஞாயித்துக்கிழமை நானே பாத்துக்கிடுதேன். இன்னும் நாலு நாள்தான்.”

“நீ எல்லாம் எந்தச் சாமிக்குப் பொறந்தியோ,” என்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “பயப்படாத” என்று மட்டும் சொன்னாள். அது முடிவைச் சொல்வதாகுமா என்று யோசித்தேன். ஆகாது என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. மௌனம். டிரங்குப் பெட்டிச் சாவியை உப்பு டப்பாவுக்குள் போட்டு வைத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்தேன். 242.

கண்ணாடி போல் தெரிகிறது எழுத்து. பக்கத்துக்கு இரண்டு நிமிடம். கோட்டை மூழ்கத் தொடங்கிவிட்டது. வஞ்சி நீந்திக் கப்பலுக்குத் திரும்புகிறாள். சமையல்காரன் அவளைக் காப்பாற்றிச் சாகிறான். சமையல்காரன் இல்லை! அவர் ஊகம் போச்சு. என் வைத்தியர்தான் என்று மேசையைத் தட்டினேன். இரண்டு பக்கம் தள்ளி வைத்தியரும் போய்ச் சேர்ந்தார்.

251-இல் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. கட்டைவிரல் அளவு. முகர்ந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை. அது தேவையும் இல்லை. மூக்குப்பொடிக் கறையை முப்பத்தெட்டு வருடம் தலையணை உறையிலிருந்து துவைத்தவள் நான். 258-இல் இன்னொன்று. 270-இல் இரண்டு. முன்னாலும் போய்ப் பார்த்தேன். 213-இலேயே இருக்கிறது. அன்று எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்ததால் கண்ணில் படவில்லை.

அதன் பிறகு மெதுவாக வாசித்தேன். அவசரம் இல்லை.

உருமாறி யார் தெரியுமா? ஒன்பது பேரில் யாரும் இல்லை. கப்பல்தான். ‘ஆழிமகள்’தான். முதல் பாகத்திலிருந்து எல்லோரையும் சுமந்துகொண்டு வந்த அந்தக் கப்பலை யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. “அடப் பாவி!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், ஈஸ்டர் அன்று.

298. கடைசி வரிக்குக் கீழே, பென்சிலில், அந்தச் சாய்ந்த எழுத்து:

‘தவறு. 8.6.14. கப்பலா! எமரன்சியிடம் சொல்ல வேண்டும். கேட்க மாட்டாள்.’

ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது “ஒரு விசயம் கேளேன்” என்று ஆரம்பித்தார். “ரசம் ஆறுது” என்றேன். அது இப்போது ஞாபகம் வருகிறது.

முடித்துவிட்டார். மூன்று நாள் முன்னாலேயே முடித்துவிட்டார். முடித்த புத்தகத்தை எடுத்து வைக்காமல் தலைமாட்டிலேயே போட்டிருக்கிறார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

கிளாடிஸ் பிரியாணியோடு வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம். “முடிச்சிட்டாக கிளாடிஸ்,” என்றேன். “அதத்தானளா மார்ச்சுல இருந்து சொல்ல வாரேன்!” என்று கத்தினாள். பிரியாணியில் உப்பு சரியாக இருந்தது. சொன்னேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பழைய பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடைக்குப் போனேன். “ஜெபப் புஸ்தகம் உள்ள இருக்கும்மா” என்றார் கடைக்காரர். இல்லை, தொங்கவிட்டிருக்கிறீர்களே, அதில் அந்தச் சிவப்பு அட்டை, பல்லக்கும் பாம்பும் போட்டது, அதைக் கொடுங்கள் என்றேன். ஆறு பாகமாம். முதல் பாகம் வாங்கினேன். இவர் வாசிக்காதது.

பிரவுன் பேப்பர் போடவில்லை. பேப்பர் தீர்ந்துவிட்டது.

முப்பது பக்கம் ஆயிற்று. பென்சிலைச் சீவி முதல் பக்கத்தில் என் ஊகத்தை எழுதினேன்: ‘பல்லக்கு.’